ஓட்டை போட்டால்தான் ஓடும் கப்பல்

மூன்று மாதம் தேய்த்து, பூசி, வார்னிஷ் அடித்து, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகாது என்று நிச்சயமான பிறகு என் மாதிரிக் கப்பலை மேசைமேல் குப்புறக் கவிழ்த்தேன். டிரில்லிங் மெஷினில் 6 மில்லிமீட்டர் பிட்டை மாட்டினேன். கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டைக்கு ஏரா என்று பெயர். அதற்கு இரண்டு பக்கமும், தண்ணீருக்குள் முங்கப்போகிற இடமாகப் பார்த்து, பென்சிலால் புள்ளி வைத்து ஓட்டை போட்டேன்.

"தண்ணி வரக் கூடாதுன்னுதானே இத்தனை நாளா பாடுபட்டே?" என்று வாசலில் நின்றபடி அக்கா கேட்டாள்.

நியாயமான கேள்விதான். கப்பல் கட்டுகிற ஒவ்வொருவரும் இந்த இடத்தில் ஒரு நிமிடம் தயங்கியிருப்பார்கள். மோட்டார் உள்ளே நனையாமல் இருக்க வேண்டும். புரொப்பல்லர், அதாவது உந்துசுழலி, வெளியே தண்ணீருக்குள் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்க்க ஒரு கம்பி வேண்டும். அந்தக் கம்பி தடையில்லாமல் சுழல வேண்டும், சுழலும் இடுக்கில் தண்ணீர் ஏறக் கூடாது, போதாததற்கு கப்பல் மொத்தத்தையும் அதே கம்பிதான் முன்னால் தள்ள வேண்டும். இறுக்கிப் பிடித்தால் சுழலாது. தளர்த்திவிட்டால் ஒழுகும்.

ஓட்டையே இல்லாமல் தப்பிக்க முடியாதா? முடியும். கொடைக்கானல் ஏரிக்குப் போய்ப் பாருங்கள். மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடைநீரைத் தேக்கி உருவாக்கிய ஏரி அது. முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து மலைமேல் கொண்டுவந்து சேர்த்தவரும் அவர்தான். இன்று அங்கே குடும்பம் குடும்பமாக ஏறி மிதிக்கும் பெடல் படகில் துடுப்புச் சக்கரம் இருக்கிறது. அதன் அச்சு நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்கிறது. சக்கரத்தின் கீழ்ப்பகுதி மட்டும் தண்ணீரைத் தட்டுகிறது. தண்ணீருக்குள் ஓட்டை கிடையாது, ஒழுகலும் கிடையாது. ஆரம்ப கால நீராவிக் கப்பல்களில் பெரும்பாலானவை இந்தப் பெடல் படகின் அண்ணன்மார்கள்தான்.

ஆனால் போர்க்கப்பலுக்கு அது சரிப்படவில்லை. பக்கவாட்டில் நிற்கும் பெரிய சக்கரம் எதிரியின் குண்டுக்கு வாகான குறி. பீரங்கி வைக்க வேண்டிய இடத்தையும் அதுவே அடைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் தண்ணீருக்குள் ஒளித்துவைக்க ஒரு வழி தேவைப்பட்டது. அந்த வழியைக் காட்டியது ஒரு பொம்மைப் படகு. லண்டனுக்குப் பக்கத்தில் ஹெண்டன் என்ற ஊரில் பண்ணை வைத்திருந்த பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித், 1835-இல் ஸ்பிரிங்கால் சுழலும் மரத் திருகு ஒன்றைச் சிறு படகில் பொருத்திக் குளத்தில் ஓடவிட்டார். அடுத்த ஆண்டு காப்புரிமையும் வாங்கினார். அவருடைய திருகு இரண்டு முழுச் சுற்று கொண்டது, பெரிய மரையாணி மாதிரி. 1837-இல் பெரிய படகில் வைத்துக் கால்வாயில் சோதித்தபோது ஏதோ இடித்து அதில் பாதி ஒடிந்து போனது. படகு நிற்கும் என்று பார்த்தால், முன்னைவிட வேகமாக ஓடியது! நீளத் திருகு வீண், குட்டையான இதழ்களே போதும் என்பதை அந்த விபத்துதான் சொல்லிக்கொடுத்தது.

1845-இல் பிரிட்டிஷ் கடற்படை, சக்கரம் வைத்த அலெக்டோவையும் புரொப்பல்லர் வைத்த ராட்லரையும் பின்பக்கத்தோடு பின்பக்கமாகக் கயிற்றால் கட்டி இழுபறி நடத்தியது. தன் சக்கரங்கள் முழுவீச்சில் சுழன்றுகொண்டிருக்கும்போதே, அலெக்டோ பின்னோக்கி இழுத்துச் செல்லப்பட்டது. அதற்கப்புறம் போர்க்கப்பலில் ஓட்டை கட்டாயமாகிவிட்டது.

என் மேசைமேல் கவிழ்ந்து கிடப்பது எம்டன். "அவன் சரியான எம்டன்" என்று எங்கள் பாட்டி சொன்ன அதே எம்டன்தான். 1914 செப்டம்பர் 22 இரவு, சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு இருட்டில் மறைந்த ஜெர்மன் கப்பல். வந்து போன சில நிமிடங்களில் தமிழுக்கு ஒரு சொல்லையே கொடுத்துவிட்டுப் போன வேறு போர்க்கப்பல் எனக்குத் தெரிந்து இல்லை. நீளம் 118 மீட்டர், அகலம் 13.5 மீட்டர், எடை 3,664 டன். 12 நீராவிக் கொதிகலன்கள், இரண்டு எஞ்சின்கள், இரண்டு புரொப்பல்லர்கள், 13,500 குதிரைத்திறன். வேகம் மணிக்கு 23.5 கடல்மைல், நம் கணக்கில் 43 கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

நான் கட்டியது நூறில் ஒரு பங்கு. 118 சென்டிமீட்டர், ஆறு வயதுப் பிள்ளையின் உயரம். இங்கேதான் கணக்கு வேடிக்கை காட்டத் தொடங்குகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் நூறில் ஒன்றாகச் சுருங்கினால் எடை பத்து லட்சத்தில் ஒன்றாகும். 3,664 டன் வெறும் 3.66 கிலோ ஆகிவிடும். மரம், மோட்டார், பேட்டரி, பீரங்கி, பெயிண்ட் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

வேகத்தையும் நூறால் வகுக்கலாமா? கூடாது. வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1860-களில் சிறிதும் பெரிதுமான மாதிரிப் படகுகளை ஆற்றில் இழுத்துப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தார். கப்பல் கிளப்பும் அலைகளின் வடிவம் மாதிரியிலும் அசலிலும் ஒன்றாக இருக்க வேண்டுமானால், வேகத்தை அளவுவிகிதத்தின் வர்க்கமூலத்தால்தான் வகுக்க வேண்டும். நூறின் வர்க்கமூலம் பத்து. ஆக, என் எம்டனின் முழு வேகம் மணிக்கு 4.3 கிலோமீட்டர். காலையில் குல்லாய் போட்டுக்கொண்டு ஏரியைச் சுற்றி நடப்பவர்களின் வேகம்! அதைத் தாண்டி விரட்டினால் கப்பல் போர்க்கப்பலாகத் தெரியாது, விரட்டிவிட்ட வாத்து மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓடும்.

சக்தி? அதுதான் என்னை உட்கார வைத்த கணக்கு. தள்ள வேண்டிய விசை பத்து லட்சத்தில் ஒன்று, வேகம் பத்தில் ஒன்று. இரண்டையும் பெருக்கினால் ஒரு கோடியில் ஒன்று. 13,500 குதிரைத்திறனை ஒரு கோடியால் வகுத்தால் கிடைப்பது ஒரு வாட். சாதாரண மொபைல் சார்ஜர் கொடுப்பதில் பத்தில் ஒரு பங்கு. சென்னையை நடுங்கவைத்த கப்பலின் மொத்த பலமும், மாதிரியில், ராத்திரி விளக்கு ஒன்றுக்குத்தான் காணும். நடைமுறையில் ஐந்தாறு வாட் தேவைப்படுகிறது. காரணம், கப்பல் சுருங்கினாலும் தண்ணீர் சுருங்குவதில்லை. அதன் பிசுபிசுப்பு அப்படியே இருக்கிறது. சின்னக் கப்பலுக்கு ஏரித் தண்ணீர் ஏதோ கஞ்சி மாதிரித்தான். விசாகப்பட்டினத்தில் கடற்படை ஆய்வகம் வைத்திருக்கும் 500 மீட்டர் நீளத் தொட்டியிலும், சென்னை ஐஐடி-யின் இழுவைத் தொட்டியிலும் மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்ப்பவர்கள் இந்தக் கஞ்சித்தன்மையைத் தனியாகக் கழித்துவிட்டுத்தான் அசலுக்குக் கணக்குப் போடுகிறார்கள்.

குறைந்த சக்தியே போதும் என்றாலும் மோட்டார் தேர்வு சுலபமல்ல. அந்தக் காலத்துப் பிஸ்டன் எஞ்சின்கள் நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் முறைதான் சுழலும். மாதிரியில் அதைப் பத்தால் பெருக்க வேண்டும், ஆயிரத்துச் சொச்சம். கடையில் கிடைக்கும் பொம்மை மோட்டாரோ பத்தாயிரத்துக்குக் குறைந்து சுழல மறுக்கும். பல்சக்கரம் வைத்துக் குறைக்கலாம், ஆனால் சத்தம் மிக்ஸி மாதிரி வரும். எனக்குக் கை கொடுத்தது சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய, பழைய பிரிண்டரில் இருந்து கழற்றிய ஒரு ஜோடி மோட்டார்கள். 24 வோல்ட் கொடுத்தால் 5,000 சுற்று. இந்த வகை மோட்டாரின் வேகம் ஏறத்தாழ வோல்ட்டேஜைப் பொறுத்தது என்பதால், 6 வோல்ட் பேட்டரி கொடுத்தால் 1,250 சுற்று. கேட்ட அளவுக்கே தைத்துக்கொடுத்த சட்டை மாதிரி.

இனி ஓட்டைக்கு வருவோம். ஓட்டையில் கம்பியை நேரடியாகச் செருகுவதில்லை. முதலில் ஒரு பித்தளைக் குழலைச் செருகி ஒட்டுகிறோம். தண்டுக்குழல் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது 6 மில்லிமீட்டர் தடிமன், பேனாவின் உள்ளிருக்கும் ரீஃபிலைவிடக் கொஞ்சம் பருமன். அதற்குள் 3 மில்லிமீட்டர் எஃகுக் கம்பி. இதுதான் ஷாப்ட். குழலின் இரண்டு முனையிலும் லேத் பட்டறையில் கடைந்த பித்தளை புஷ். கம்பி அந்த இரண்டு இடத்தில் மட்டும்தான் தொடும். நடுவில் உள்ள வெற்றிடம் முழுக்க கிரீஸ். உரசல் குறைய வேண்டும் என்பதற்காக விட்ட காலியிடமே தண்ணீரைத் தடுக்கும் கிடங்காகவும் ஆகிவிடுகிறது. ஒரே காலியிடத்துக்கு இரண்டு வேலை. புஷ்ஷுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு தலைமுடி நுழையும் இடைவெளிதான். மூன்று, நான்கு சென்டிமீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் காபி டம்ளரின் அடியில் இருக்கும் அழுத்தத்துக்குச் சமம். அந்த இடுக்கில் உட்கார்ந்த கிரீஸைத் தள்ளிக்கொண்டு உள்ளே வர அதற்குத் தெம்பு கிடையாது.

குழலைச் சாய்த்து, அதன் உள்முனையை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிவிட முடிந்தால் கிரீஸே வேண்டாம். குழலுக்குள் தண்ணீர் வெளியே இருக்கும் மட்டம் வரைதான் ஏறும், அதற்கு மேல் ஏறாது. இழுவைப் படகு மாதிரிகளில் இப்படிச் செய்கிறார்கள். எம்டன் போன்ற ஒல்லியான போர்க்கப்பலில் ஷாப்ட் கிட்டத்தட்டப் படுத்தவாக்கில் போவதால் அந்தக் குறுக்குவழி இல்லை.

அசல் கப்பலில் தண்ணீரை நிறுத்துவது எது என்று கேட்டால் விவசாயிக்குச் சட்டென்று புரியும். பம்புசெட்டின் கிளாண்ட். கொழுப்பில் ஊறிய கயிற்றை ஷாப்டைச் சுற்றி அடைத்து, தகட்டை வைத்து நட்டால் இறுக்குகிறார்கள். பம்புசெட் கிளாண்ட் லேசாகச் சொட்டிக்கொண்டிருக்க வேண்டும், ஒரேயடியாக இறுக்கினால் கயிறு கருகிப்போகும். கப்பலிலும் அதே கதைதான். சொட்டும் அந்த நீர்தான் ஷாப்டைக் குளிர்விக்கிறது. கிளாண்டுக்கு வெளியே, கடல்நீரிலேயே ஊறிக்கொண்டு எடையைத் தாங்கும் புஷ்தான் பெரிய தலைவலியாக இருந்தது. முதல் கப்பல்களில் உலோகத்தோடு உலோகம் உரசி, சீக்கிரமே தேய்ந்து, வெள்ளம் உள்ளே வந்தது. 1850-களில் ஜான் பென் என்ற எஞ்சின் தயாரிப்பாளர் அங்கே மரத்தை வைத்தார்! லிக்னம் விட்டே என்ற கரீபியன் மரம். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்கு அடர்த்தி. உள்ளேயே எண்ணெய்ப்பசை உண்டு, அதனால் கடல்நீரே அதற்கு மசகு. இரும்பை வென்ற இந்த மரத்தை ஒரு நூற்றாண்டுக்கு மேல் கப்பல்காரர்கள் விடவில்லை.

கம்பி, குழல், மோட்டார் மூன்றும் தயார். இப்போதுதான் நிஜமான வேலை ஆரம்பம்: நேர்க்கோடு. குழலில் இரண்டு புஷ், மோட்டாருக்குள் இரண்டு புஷ். நான்கும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இரண்டு புள்ளி எப்போதும் ஒரு கோட்டில் இருக்கும், நான்கு புள்ளியை ஒரு கோட்டில் நிறுத்துவது நாலு மாமன்களை ஒரே கருத்துக்குக் கொண்டுவருவது மாதிரி. அரை மில்லிமீட்டர் விலகினாலும், இறுகப் பூட்டிய கம்பி ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை இப்படியும் அப்படியும் வளையும். 1,250 சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் 75,000 வளைவு. ஸ்பூனைப் பத்து தடவை மடக்கி நிமிர்த்தினாலே ஒடிந்துவிடுகிறது.

எப்படி நேராக்குவது? கண்ணை நம்பி முதல் தடவை வைத்தேன். தனியாக ஓடும்போது 0.3 ஆம்பியர் இழுத்த மோட்டார், ஷாப்டோடு பூட்டியதும் 0.9 இழுத்தது. கப்பல் இன்னும் தண்ணீரையே பார்க்கவில்லை. மூன்றில் இரண்டு பங்கு மின்சாரம் கம்பியை வளைப்பதற்கே போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் பழைய மாதிரிக் கலைஞர்களின் தந்திரம் ஒன்று நினைவுக்கு வந்தது. மோட்டாரின் தண்டையும் ஷாப்டையும் முதலில் வளையாத ஒரே பித்தளைக் குழாய்த் துண்டுக்குள் இரண்டு பக்கமிருந்தும் செருகிவிட வேண்டும். இப்போது மோட்டார் ஷாப்டின் வாலில் தொங்குகிறது, தானாகவே நேராகிவிடும். அது எங்கே போய் நிற்கிறதோ அந்த இடத்திலேயே அதற்கு அடியில் தாங்குகட்டையை வெட்டி வைத்து ஒட்ட வேண்டும். மோட்டாரை மேடைக்கு இழுக்காமல், மேடையை மோட்டார் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவது. பசை காய்ந்த பிறகு பித்தளைத் துண்டை எடுத்துவிட்டு, இரண்டு தண்டையும் இணைக்க வளையக்கூடிய கப்ளிங்கை மாட்டினால் முடிந்தது. மீட்டர் 0.35 காட்டியது.

"பசை காய்ந்த பிறகு" என்பதைக் கொடைக்கானலில் லேசாகச் சொல்லிவிட முடியாது. சமவெளியில் ராத்திரி ஒட்டினால் காலையில் கல்லாகும் அரால்டைட், இங்கே ஜனவரிக் குளிரில் இரண்டாம் நாளும் விரலில் ஒட்டியது. கடைசியில் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே பழைய 60 வாட் மஞ்சள் பல்பைத் தொங்கவிட்டு, கோழிக்குஞ்சு மாதிரி வளர்த்தெடுத்தேன். சூட்டில் இளகிய பசை குழலின் வாய்க்குள் நழுவி ஷாப்டையும் சேர்த்து ஒட்டிவிட்டது தனிக்கதை. ஒட்டுமுன் கம்பியில் கிரீஸ் தடவியிருக்க வேண்டும். இரண்டாவது ஷாப்டில் தடவினேன்.

பெரிய கப்பல்தளங்களில் இதே நேர்க்கோட்டுக்காக என்ன பாடுபடுகிறார்கள் என்று படித்தபோது என் பெட்டியும் பல்பும் அவமானமாகத் தோன்றவில்லை. வெயில் ஏறினால் கப்பலின் மேல்தளம் சூடாகி நீள்கிறது. 100 மீட்டர் எஃகு, பத்து டிகிரி சூடானால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளும். மேலே நீண்டு, கீழே நீளாமல் இருந்தால் கப்பல் மொத்தமும் வில்லாக வளையும். ஆகவே ஷாப்ட் கோட்டை அளப்பதை ராத்திரியிலோ விடிவதற்கு முன்னாலோ வைத்துக்கொள்கிறார்கள். லேசர் வருவதற்கு முன் இழுத்துக் கட்டிய மெல்லிய எஃகுக் கம்பிதான் கோடு. அந்தக் கம்பி தன் எடைக்கே எத்தனை மில்லிமீட்டர் தொய்யும் என்றும் கணக்குப் போட்டுக் கழிப்பார்கள். கப்பலைத் தண்ணீரில் இறக்கினால் உடம்பு மறுபடி வேறு மாதிரி வளையும், மறுபடி அளக்க வேண்டும். கொச்சியில் கட்டி 2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்த ஐஎன்எஸ் விக்ராந்தில், 88 மெகாவாட் சக்தி இரண்டே இரண்டு ஷாப்ட்கள் வழியாகத்தான் தண்ணீருக்குப் போகிறது. கோடு பிசகினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

கப்ளிங்கில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. வத்தலக்குண்டு பக்கம் லாரிப் பட்டறையில் போய் "புரொப்பல்லர் ஷாப்ட்" என்று சொன்னால் கப்பலைத் தேட மாட்டார்கள். கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் நீள உருளையைக் காட்டுவார்கள். லாரியில் புரொப்பல்லர் ஏது? கேட்டால் சிரிப்பார்கள். அதன் முனையில் இருப்பது யு-ஜாயிண்ட் கிராஸ். கோணலாக நிற்கும் இரண்டு தண்டுகளைச் சுழல வைக்கும் சிலுவை. மாதிரிக் கப்பல்களுக்கும் விரல்நுனி அளவில் அதே கிராஸ் கிடைக்கிறது. ஆனால் அதற்கு ஒரு திருட்டுக் குணம் உண்டு. இந்தப் பக்கம் சீராகச் சுழன்றாலும் அந்தப் பக்கம் சீராக வராது. 20 டிகிரி கோணலில் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை ஆறு சதவீதம் வேகம் கூடும், இரண்டு முறை ஆறு சதவீதம் குறையும். ஒரு கிராஸ் மட்டும் போட்டால் கப்பல் முழுக்க நடுங்கும். மருந்து? இன்னொரு கிராஸ். முதல் கிராஸ் செய்த தப்பை இரண்டாவது அதே அளவில் திருப்பிச் செய்து கழித்துவிடும். கொடைக்கானல் மலைப்பாதையில் முனகிக்கொண்டு ஏறும் ஒவ்வொரு லாரிக்கு அடியிலும் இந்தக் கூட்டல் கழித்தல் நடந்துகொண்டேதான் இருக்கிறது. என் ஐந்து வாட் எம்டனுக்கு அவ்வளவு ஆடம்பரம் வேண்டாம். இரண்டு அங்குல சலைன் ட்யூப், இரண்டு முனையிலும் நூல் கட்டு. சத்தமே இல்லை.

அடுத்தது எல்லோரும் மறக்கிற விஷயம். புரொப்பல்லர் கப்பலைத் தள்ளுகிறது என்கிறோம். எங்கே தொட்டுத் தள்ளுகிறது? புரொப்பல்லர் ஷாப்டைத் தள்ளும். ஷாப்ட் யாரைத் தள்ளும்? யோசிக்காமல் விட்டால் மோட்டாரைத்தான். மோட்டாருக்குள் இருக்கும் சின்ன வாஷர் கப்பல் முழுவதையும் சுமக்கும், சீக்கிரமே தேயும். அதனால் ஷாப்டில் ஒரு வளையம் பூட்டி, அது தண்டுக்குழலின் முனையில் முட்டும்படி விடுகிறோம். இதுதான் உந்துதாங்கி. மாதிரியில் இரண்டு ரூபாய் நைலான் வாஷர் போதும். பெரிய கப்பலில் இது நூற்றுக்கணக்கான டன் தள்ளலைத் தாங்கியபடியே சுழல வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஆந்தனி மிச்செலும் அமெரிக்காவின் ஆல்பர்ட் கிங்ஸ்பரியும் தனித்தனியாக ஒரே விடையைக் கண்டார்கள். தாங்கும் பட்டைகளைக் கொஞ்சம் சாயவிட்டுவிடு. சுழற்சியே எண்ணெயை ஆப்பு மாதிரி இடுக்கில் இழுத்துச் செருகிக்கொள்ளும். மிச்செல் 1905-இல் காப்புரிமை பெற்றார். இன்றைக்கும் ராட்சதக் கப்பல்களை முன்னே தள்ளுவது, கடைசிக் கணக்கில், தலைமுடியைவிட மெல்லிய ஒரு எண்ணெய்ப் படலம்.

இரட்டை ஷாப்டில் எனக்கு வாய்த்த அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு புரொப்பல்லரும் ஒரே திசையில் சுழன்றால் கப்பல் ஒரு பக்கம் இழுக்கும். அதனால் ஒன்றுக்கொன்று எதிராகச் சுழல வேண்டும். இதெல்லாம் தெரிந்தவன் போல ஒரு மோட்டாரின் சிவப்பு, கறுப்பு ஒயர்களை மாற்றிக் கொடுத்தேன். பின்கட்டுத் தொட்டியில் விட்டேன். எம்டன் ஓர் அடிகூட நகரவில்லை. நின்ற இடத்திலேயே செக்குமாடு மாதிரிச் சுற்றியது. வாங்கிய புரொப்பல்லர் இரண்டுமே வலக்கை வகை! ஒன்று முன்னே தள்ள, மற்றது விசுவாசமாகப் பின்னே தள்ளிக்கொண்டிருந்தது. செருப்பு மாதிரி, வலதும் இடதுமாக ஜோடி வாங்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது புரொப்பல்லரைச் சுற்றிக் குமிழி தெரிந்தது. "தண்ணி கொதிக்குதா?" என்றாள் அக்கா. கிண்டலாகக் கேட்டாலும் அவள் தொட்டது பெரிய விஷயம். இதழ்கள் மிக வேகமாகச் சுழன்றால் அவற்றின் முதுகுப் பக்கம் அழுத்தம் சரிந்து, குளிர்ந்த தண்ணீரே உண்மையில் கொதித்துக் குமிழியாகும். குமிழ்க்கொதி என்று சொல்லலாம். 1890-களில் சார்லஸ் பார்சன்ஸ் தன் டர்பினியா படகை எவ்வளவு முடுக்கியும் எதிர்பார்த்த வேகம் வரவில்லை. புரொப்பல்லர் தண்ணீரை விட்டுவிட்டு ஆவியைக் கலக்கிக்கொண்டிருந்தது. அதைக் கண்ணால் பார்க்க ஒரு சின்னச் செம்புத் தொட்டி செய்து, தண்ணீரைச் சூடாக்கி, அழுத்தத்தைக் குறைத்துச் சோதித்தார். கடைசியில் ஷாப்டுக்கு மூன்றாக ஒன்பது புரொப்பல்லர் பூட்டி, 1897-இல் விக்டோரியா மகாராணியின் கடற்படை அணிவகுப்புக்கு நடுவே மணிக்கு 34 கடல்மைலில் ஓடிக் காட்டினார்.

அழுத்தத்தைக் குறைப்பது ஏன்? கப்பலை நூறில் ஒன்றாக்கினால் அதன்மேல் அழுத்தும் காற்றையும் நூறில் ஒன்றாக்க வேண்டும். காற்று சம்மதிக்காது. அதனால்தான் ஆய்வகங்களில் சோதனைத் தொட்டியையே மூடிக் காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். 2,133 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் அந்த வேலையில் கொஞ்சத்தை மலையே செய்து கொடுத்திருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு லேசில் வேகாது. அந்த வகையில் ஏரி முழுவதுமே அழுத்தம் குறைத்த ஒரு சோதனைத் தொட்டிதான். ஆனால் நூறில் ஒன்றுக்கு அது எங்கே காணும்? அக்கா பார்த்த குமிழி, கொதி இல்லை. மேல்மட்டத்துக்கு மிக அருகே சுழன்ற இதழ் உறிஞ்சிக்கொண்ட வெறும் காற்று. பேட்டரியைப் பின்பக்கம் இரண்டு விரல் நகர்த்தினேன். பின்பகுதி சற்று அமிழ்ந்தது, குமிழி நின்றது.

கடைசியாக ஒழுகல் சோதனை. கப்பலின் உள்ளே, தண்டுக்குழல்களுக்கு அடியில் தினத்தாளைக் கிழித்துப் பரப்பினேன். காகிதத்தைவிட நேர்மையான சாட்சி கிடையாது, ஒரு துளி பட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும். அரை மணி நேரம் மோட்டார்களை ஓடவிட்டு, பிறகு நிறுத்தி, பின்கட்டுச் சிமெண்டுத் தொட்டியிலேயே ராத்திரி முழுக்க மிதக்கவிட்டேன். விடிந்ததும் ஸ்வெட்டரைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் ஓடிப்போய் மேல்தளத்தைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது ஷாப்டின் கீழ் இருந்த காகிதம் காய்ந்திருந்தது. வலது ஷாப்டின் கீழும் காய்ந்துதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் பின்னால், கடைசி ஓரத்தில், மிளகு அளவுக்கு ஓர் ஈரம். சுக்கான் தண்டுக்குப் போட்ட ஓட்டையை நான் மறந்தே போயிருந்தேன்.